கையெழுத்துக்கு முன் ஒரு வாரம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது ஊர்ப்பக்கத்துக்குப் பொருந்தும். மும்பையில் நம்மில் யாரும் வீடு கட்டுவதில்லை. யாரோ கட்டி, யாரோ குடியிருந்து, யாரோ விற்கிற வீட்டை நாம் "எடுக்கிறோம்". எடுப்பதற்கு நடுவில் ஒருவர் வேண்டியிருக்கிறது. தரகர், புரோக்கர், எஸ்டேட் ஏஜெண்ட், இந்திக்காரர் வாயில் தலால். பெயர் எதுவானாலும் அவர் கை படாமல் இந்த ஊரில் ஒரு சாவி கைமாறுவது அபூர்வம்.

அப்படி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். சங்கத்துப் பொங்கல் விழாவில் பழக்கமானவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். செம்பூரில் ஒரு படுக்கையறை வீடு, பழைய கட்டடமானாலும் பரவாயில்லை, 1 கோடியே 10 லட்சத்துக்குள் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். காபியைக் குடித்து முடித்ததும் பையிலிருந்து இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "தம்பி, இதில ஒரு கையெழுத்துப் போட்டிருங்க. நாளையிலிருந்து வேலைய ஆரம்பிச்சிருவோம்" என்றார்.

பேனாவை எடுத்துவிட்டேன். நம் ஆள், முகம் தெரிந்தவர், எதிரில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. அப்போது சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி, "என்னங்க, பேங்குல லோன் தரலைன்னா இவங்களுக்குப் பணம் கொடுக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

அண்ணாச்சியும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இருவருக்குமே தெரியாது. ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்று கேட்டு அவரை அனுப்பிவைத்தேன். போகும்போது அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. "நம்ம ஆளுகளுக்குள்ள இவ்வளவு விசாரணையா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினார்.

அந்த ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதை நம் சங்கக் குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். வீடு பார்த்துக்கொண்டிருக்கிற யார் கைக்கும் இப்படி ஒரு காகிதம் நாளை வரலாம்.

அப்பா எடுத்த ரூம்

என் அப்பா எழுபதுகளின் தொடக்கத்தில் தாராவியில் ஒரு ரூம் எடுத்தார். இடையில் நின்றவர் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். கமிஷன் என்று அவர் ஒரு காசும் கேட்கவில்லை. வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார்களாம். ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் நாலு வரி, இரண்டு சாட்சி, அவ்வளவுதான் எழுத்து. 1976இல் அரசாங்கம் குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்து போட்டோ பாஸ் கொடுத்தபோது, அதே பெரியவர் அப்பாவை வேலைக்குப் போகவிடாமல் வீட்டில் உட்காரவைத்துப் பெயரைப் பதியவைத்தார். அந்த போட்டோ பாஸ்தான் பின்னாளில் எங்கள் குடும்பத்துக்கு ஆதாரமாக நின்றது.

இதைச் சொல்லி, அந்தக் காலம் பொற்காலம் என்று முடித்துவிடலாம். ஆனால் எங்களுக்கு மூன்று கதவு தள்ளியிருந்த குடும்பமும் அப்படி வாய்வார்த்தையில்தான் ரூம் எடுத்தது. விற்றவரின் தம்பி ஊரிலிருந்து வந்து "எனக்கும் பங்கு உண்டு" என்று நின்றபோது இடையில் நின்றவர் கைவிரித்துவிட்டார். எழுத்து இல்லாததால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாவது முறையும் பணம் கொடுத்தார்கள். எங்களுக்கு வாய்த்தது நல்ல மனிதர், அவர்களுக்கு வாய்க்கவில்லை. மனிதரை மட்டும் நம்புவதில் இந்த அதிர்ஷ்டக் கணக்கு எப்போதும் உண்டு.

எனவே காகிதம் கொண்டுவந்ததற்காக அண்ணாச்சியை நான் குறை சொல்லவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பத்து வீடு காட்டுவார். ரயிலும் ஆட்டோவும் அவர் செலவு. கடைசியில் அவர் காட்டிய வீட்டையே நேரடியாக உரிமையாளரிடம் பேசி முடித்துவிட்டு, "எங்களுக்கு முன்பே தெரிந்த வீடு" என்று சொல்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அவருக்கும் ஒரு காப்பு வேண்டும். எனக்கும் ஒன்று வேண்டும். அந்த இரண்டு பக்கக் காகிதம் யாரைக் காக்கிறது என்பதே கேள்வி.

மாட்டுங்காவில் கிடைத்த பாடம்

புதன்கிழமை மாலை, மாட்டுங்காவில் இருக்கும் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். காகிதத்தை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, "இதில் கையெழுத்துப் போடாவிட்டால் சட்டம் உங்க பக்கம். போட்டால் இந்தக் காகிதம் யார் பக்கமோ, சட்டமும் அவர் பக்கம்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார்.

தரகருக்கும் நமக்கும் உள்ள உறவை ஆள்வது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 219ஆம் பிரிவு, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, ஏஜெண்ட் தன் வேலையை முடிக்கும்வரை அவருக்குக் கூலி கொடுக்க வேண்டியதாகாது என்கிறது. அதாவது ஒன்றுமே எழுதாமல் இருந்தாலும் நமக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. "வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை" என்பதில்தான் சூட்சுமம். காகிதத்தில் வேறு விதமாக எழுதி நாம் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பை நாமே கழற்றிக் கொடுத்தவர்களாகிறோம்.

என் காகிதத்தில் "பேரம் முடிவானவுடன் 2 சதவீதம்" என்று இருந்தது. பேரம் எப்போது முடிவாகிறது? விலை பேசி டோக்கன் கொடுத்த அன்றா? அக்ரிமெண்ட் பதிவான அன்றா? வங்கிப் பணம் வந்து சாவி கைக்கு வந்த அன்றா? மூன்றுக்கும் இடையே இரண்டு மூன்று மாதம் ஓடும். அதற்குள் எத்தனையோ நடக்கலாம்.

இந்த இடத்தில் அவர் இரண்டு வழக்குகளைச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கதைபோலத் திரும்பச் சொன்னேன்.

முதல் வழக்கு கல்கத்தாவில் நடந்தது. 1943 மே மாதம், அம்ராத்தல்லா தெருவில் கட்டடம் வைத்திருந்த ஒருவர் ஒரு தரகருக்கு ஒரு மாதக் கெடு வைத்து அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்தார். 1 லட்ச ரூபாய்க்கு வாங்குபவரைப் பிடித்துத் தருவதில் வெற்றி பெற்றால் 1,000 ரூபாய் கூலி. விலை 1 லட்ச ரூபாயைத் தாண்டினால், 1,05,000 வரை மேலே வருகிற தொகை முழுவதும் தரகருக்கே. தரகர் 1,10,000 ரூபாய்க்கு ஆள் கொண்டுவந்தார். ஆனால் உரிமையாளர் அவரை ஒதுக்கிவிட்டு விற்பனையைத் தாமே பேசி முடித்துக்கொண்டார். வழக்கு ஏறி இறங்கி 1950இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடிதத்தில் இருந்த வாசகம் "வாங்குபவரைப் பிடித்துத் தந்தால்" என்பதுதான். விற்பனை முடிந்தால் என்று எழுதவில்லை. வாங்கத் தயாரான ஆளை அவர் கொண்டுவந்துவிட்டார், எனவே கூலி அவருக்கு உரியது என்று தீர்ப்பாயிற்று.

இரண்டாவது வழக்கு இங்கிலாந்தில், ஈஸ்ட்போர்ன் என்ற கடற்கரை ஊர்க் கம்பெனியைப் பற்றியது. சினிமாக் கொட்டகைகளை 1,85,000 பவுனுக்குக் குறையாமல் விற்றுக் கொடுத்தால் 10,000 பவுன் கமிஷன் என்று பேச்சு. வாங்கத் தயாராக ஆளும் வந்தாயிற்று. கடைசி நேரத்தில் உரிமையாளர்கள் அவருக்கு விற்கவில்லை. பிரபுக்கள் சபை தரகருக்கு ஒரு பென்னிகூடக் கிடையாது என்றது. ஏனென்றால் அங்கே கமிஷன் தருவதாகச் சொன்னது "விற்பனை பூர்த்தியானவுடன்".

இரண்டு தரகர்களும் உழைத்தார்கள். இருவருமே ஆள் கொண்டுவந்தார்கள். ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. வித்தியாசம் ஒரு சொல். இரண்டிலும் தரகரை அமர்த்தியவர் விற்பவர், என் விஷயத்தில் வாங்குபவர். ஆனாலும் பாடம் ஒன்றுதான் என்றார் வக்கீல்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கோடியே 10 லட்சத்தில் 2 சதவீதம் 2,20,000 ரூபாய். ஏஜெண்ட் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவரானால் அதன்மேல் 18 சதவீதம், 39,600 ரூபாய். மொத்தம் 2,59,600. வங்கி கடன் தர மறுத்து வீடே கிடைக்காமல் போனாலும் இந்தத் தொகையை அவர் கேட்கலாம் என்று என் காகிதத்தைப் படிக்க இடம் இருந்தது. சமையலறை வாசலில் கேட்ட கேள்வியின் விலை அதுதான்.

யாருடைய ஆள்?

வக்கீல் அடுத்துக் கேட்டது, "இவர் உங்க ஆளா, விற்கிறவன் ஆளா?" என்பது. நம் ஆள்தான் என்றேன். சிரித்தார்.

மும்பையில் பழைய வீடு கைமாறும்போது வாங்குபவரிடம் 1 முதல் 2 சதவீதம், விற்பவரிடமும் அதேபோல் 1 அல்லது 2 சதவீதம் வாங்குவது வழக்கம். சில சமயம் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் தரகர். சில சமயம் ஒருவரே இரண்டு பக்கமும். ஒருவரே என்றால், விலை குறைய வேண்டும் என்கிற எனக்கும், கூட வேண்டும் என்கிற விற்பவருக்கும் அவர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிறார். இதை நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது நமக்குத் தெரிந்து நடக்க வேண்டும். ஏஜெண்ட் நமக்குத் தெரியாமல் தன் சொந்த லாபத்துக்காக வியாபாரம் நடத்தினால் அந்த லாபத்தை அவரிடமிருந்து கேட்டு வாங்கும் உரிமை 216ஆம் பிரிவில் நமக்கு உண்டு. கேட்க வேண்டுமானால் முதலில் அவர் நமக்கு ஏஜெண்ட் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். என் காகிதத்தில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை! நான் அவரைத் தவிர வேறு யாரிடமும் போகக் கூடாது என்று இருந்தது. அவர் எனக்காக மட்டும் வேலை செய்வார் என்று எங்கும் இல்லை.

அன்று இரவு என் அக்கா மகன் நியூஜெர்சியிலிருந்து போனில் பேசினான். அவனும் வீடு தேடிக்கொண்டிருக்கிறான். "மாமா, இங்கே ஏஜெண்ட்கூட வீட்டைப் போய்ப் பார்க்கணும்னாலே முதல்ல கையெழுத்துப் போடணும்" என்றான். அமெரிக்காவில் வெகுகாலமாக விற்பவரே இரண்டு பக்க ஏஜெண்டுகளுக்கும் கமிஷன் கொடுக்கிற வழக்கம் இருந்தது. அது போட்டியைக் கெடுத்துத் தங்கள் செலவை ஏற்றுகிறது என்று மிசௌரி மாநிலத்தில் வீடு விற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 அக்டோபர் 31 அன்று ஜூரி சுமார் 178 கோடி டாலர் நஷ்டஈடு என்று தீர்ப்புச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்நாட்டு ரியல் எஸ்டேட் ஏஜெண்டுகளின் தேசிய சங்கம் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதன்படி 2024 ஆகஸ்ட் 17 முதல், அவர்களுடைய வீட்டுப் பட்டியல் முறையில் இருக்கும் ஏஜெண்ட், வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்த பிறகே வீட்டைக் காட்டலாம்.

அந்த ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. கமிஷன் இவ்வளவு என்று திட்டமாக எழுத வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. எழுதிய தொகைக்கு மேல் வேறு எவரிடமிருந்தும் அவர் வாங்கக் கூடாது. நம் ஊர்ச் சட்டம் இப்படிக் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நாமே எழுதிக் கேட்பதை யார் தடுக்கிறார்கள்?

ரேரா இருக்கிறதே என்பவர்களுக்கு

"அதெல்லாம் ரேரா பார்த்துக்கொள்ளும்" என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். பாதி சரி. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின்கீழ் நம் மாநிலத்தில் மகாரேரா 2017 மே மாதம் செயல்படத் தொடங்கியது. பில்டர் விற்கும் புதிய திட்டங்களில் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜெண்ட் அங்கே பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், வீட்டு விலையில் 5 சதவீதம் வரை அபராதம் ஏறும். 2023இல் ஏஜெண்டுகளுக்குப் பயிற்சியும் பரீட்சையும் கட்டாயம் என்று மகாரேரா உத்தரவிட்டது. பில்டரும் அக்ரிமெண்டைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது.

இதெல்லாம் நல்ல ஏற்பாடு. ஆனால் பில்டர் விற்கிற வீட்டுக்குத்தான் இது. செம்பூரில் நாற்பது வருஷத்துச் சொசைட்டிக் கட்டடத்தில் ஒரு குடும்பம் விற்கிற வீட்டை ஒரு தரகர் எனக்குக் காட்டும்போது, அந்தப் பதிவுக் கட்டாயம் அவரைத் தொடாது. அங்கே 1872ஆம் ஆண்டுச் சட்டமும் என் கையெழுத்தும்தான் மிச்சம்.

மாட்டுங்காவிலும் தாதரிலும் பக்டி ரூம் பார்க்கிறவர்கள் இன்னும் ஒருபடி கூடுதலாகக் கவனிக்க வேண்டும். "ஓனர்ஷிப் மாதிரியேதான்" என்று தரகர் சொல்லுவார். எனக்கும் ஒருவர் சொன்னார். பக்டியில் நாம் வாங்குவது வாடகைதாரர் உரிமை, சுவர் சொந்தக்காரருடையது. கைமாற்றும்போது அவர் சம்மதமும் வேண்டும், அவருக்கு ஒரு பங்கும் போகும். 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பக்டி வாங்குவதைச் சட்டபூர்வமாக்கியது உண்மைதான். ஆனாலும் அது நம் பெயருக்கு வருகிற சொந்த வீடு ஆகிவிடாது. "மாதிரியே" என்ற சொல்லை எந்த ஏஜெண்ட் சொன்னாலும், அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

காட்டிய வீடு

என் காகிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஏஜெண்ட் காட்டிய வீட்டையோ, "அவர் மூலம் தெரியவந்த" வீட்டையோ ஒரு வருடத்துக்குள் நானோ என் உறவினரோ வாங்கினால் முழுக் கமிஷன் தர வேண்டும்.

தாராவியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் இப்படி ஒரு வரியில் மாட்டினான். முதல் தரகர் ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடி வீட்டைக் காட்டினார், பிடிக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து வேறொரு தரகர் மூலம் அதே கட்டடத்தில் ஆறாவது மாடி வீட்டை வாங்கினான். முதலாமவர் காகிதத்தோடு வந்து நின்றார். அதில் எழுதியிருந்தது கட்டடத்தின் பெயர்தான், வீட்டு எண் இல்லை. கோர்ட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. இவன் வம்பு வேண்டாம் என்று பாதித் தொகை கொடுத்துத் தீர்த்தான். ஒரே வீட்டுக்கு ஒன்றரைக் கமிஷன்!

இந்த மாதிரி வரி ஒன்று இருப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். பின்வாசல் வழியாகப் போகிறவர்களைத் தடுக்க ஏஜெண்டுக்கு அது வேண்டும். ஆனால் எந்த வீடு, எந்தத் தேதியில் காட்டியது என்று ஒவ்வொன்றும் எழுதப்பட வேண்டும். காலமும் நியாயமாக இருக்க வேண்டும்.

கெடு விஷயமும் அப்படியே. மூன்று மாதத்துக்கு ஒருவரிடமே கட்டுப்படுவது என்றால், நடுவில் அவர் சரியில்லை என்று தெரிந்தால் என்ன வழி? ஏஜெண்டை நீக்கும் உரிமை சட்டத்தில் நமக்கு உண்டு. ஆனால் இத்தனை காலத்துக்கு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, போதிய காரணமில்லாமல் முன்னதாக நீக்கினால் நஷ்டஈடு தர வேண்டும் என்கிறது 205ஆம் பிரிவு. ஆகவே எப்படி விலகுவது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே எழுதிவைப்பது இருவருக்கும் நல்லது.

அடுத்த ஞாயிறு

வக்கீல் சொன்னதை எல்லாம் வைத்து நான்கு திருத்தங்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதினேன். மனைவி உரக்கப் படித்தாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதிவைத்தோம்.

ஒன்று: கமிஷன் 2 சதவீதம், அதில் பாதி அக்ரிமெண்ட் பதிவாகும் நாளில், மீதி சாவி கைக்கு வரும் நாளில். வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ, வீட்டின் பத்திரங்களில் குறை இருந்தாலோ கமிஷன் இல்லை. இரண்டு: விற்பவரிடமும் வாங்குவதாக இருந்தால் எவ்வளவு என்பதை வீடு காட்டும்போதே எனக்குச் சொல்ல வேண்டும். மூன்று: கெடு 45 நாள், இரண்டு பக்கத்திலும் யார் வேண்டுமானாலும் 7 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து விலகலாம். நான்கு: காட்டிய வீடுகளுக்கு எண், தேதியோடு பட்டியல், அந்தப் பட்டியலில் உள்ள வீட்டுக்கு மட்டும் 3 மாதம் வரை அவருக்கு உரிமை.

அண்ணாச்சி வந்தார். தாளைப் படித்தார். முதல் திருத்தத்தைப் பார்த்ததும், "பேங்கு கொடுக்கலன்னா நான் அலைஞ்ச அலைச்சலுக்கு யார் தம்பி பொறுப்பு?" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொன்னது அப்பா. "வீட்டுப் பத்திரத்தை முன்னாடியே வாங்கிப் பார்த்துட்டு அப்புறமா காட்டுங்க. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 45 நாளை 60 நாள் ஆக்கினோம். இரண்டாவது திருத்தத்தில் அவருக்கு மனமில்லை. விற்பவரிடம் வாங்குவது தன் தொழில் ரகசியம் என்றார். எவ்வளவு என்று சொல்ல வேண்டாம், வாங்குகிறேனா இல்லையா என்று சொன்னால் போதும் என்று இறங்கிவந்தேன். அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுத்தது சரியா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. நான்காவதற்கு அவர் மறுப்பே சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டோம், இருவரும்.

மூன்றாவது வாரம் ஒரு வீடு பிடித்தது. விலை படிந்தது. உரிமையாளரிடம் 1 லட்ச ரூபாய் டோக்கன் கொடுத்து, கடன் கிடைக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கினோம். வங்கி வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டுக் கடன் தர முடியாது என்றார். ஓ.சி. எனப்படும் குடியேறும் அனுமதிச் சான்றிதழ் அந்தக் கட்டடத்துக்கு வாங்கப்படவே இல்லை. எத்தனையோ வருஷமாக அத்தனை குடும்பங்களும் அது இல்லாமலே குடியிருக்கின்றன!

பழைய காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு மனைவி கேட்டாள். விலை படிந்து டோக்கனும் கொடுத்தாயிற்று, "பேரம் முடிவானது" என்று அதைச் சொல்லலாம். அவள் வளையல்களை அடகுவைத்துச் சேர்த்த பணத்தில்தான் கமிஷன் கொடுப்பதாக இருந்தோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதோடு முடியவில்லை. டோக்கனைத் திருப்பித் தர உரிமையாளர் இழுத்தடித்தார். இன்று வா, நாளை வா என்றார். அண்ணாச்சி மூன்று முறை என்னோடு செம்பூருக்கு வந்தார். ஒரு பைசா கூலி கிடைக்காது என்று தெரிந்தும் வந்தார். மூன்றாவது முறை அவரே உரிமையாளரிடம் ரசீதைக் காட்டி, "எழுதிக் கொடுத்திருக்கீங்க, கொடுத்துத்தான் ஆகணும்" என்று கறாராகச் சொன்னார். ஏழாவது வாரம் பணம் முழுவதும் வந்தது. திரும்பி வரும்போது ஸ்டேஷன் அருகில் டீ குடித்தோம். "இனிமே ஓ.சி. இல்லாத வீட்ட யாருக்கும் காட்டறதில்ல தம்பி" என்றார். இப்போது அவர் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கும் காகிதத்திலும் வங்கிக் கடன் பற்றிய அந்த வரியைச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்.

நம் ஆள் என்பதால் கேட்கத் தயங்கினேன். கேட்டதால் அவர் வேற்றாள் ஆகிவிடவில்லை. கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால்தான், அன்று வங்கி வாசலில் நாங்கள் இருவரும் முகம் பார்க்க முடியாதவர்கள் ஆகியிருப்போம்.

வீடு தேடும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏஜெண்டோடு ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்திர விவரம் தெரிந்த, நாணயமான ஏஜெண்ட் இந்த நகரத்தில் பெரிய உதவி. முத்திரைத் தீர்வை மட்டுமே 6 சதவீதம் கட்டுகிற ஊரில், நல்ல ஆளுக்கு 1 அல்லது 2 சதவீதம் கொடுப்பது வீண் செலவும் அல்ல. ஆனால் காகிதத்தை வீட்டில் ஒரு வாரம் வைத்திருங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளையை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அடுப்படியில் இருப்பவரும் திண்ணையில் இருப்பவரும் கேட்கட்டும். கூலி எந்த நாளில், யாருடைய ஆள், எப்படி விலகுவது, எந்தெந்த வீடு என்ற நான்குக்கும் பதில் காகிதத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பேனாவால் எழுதிச் சேர்த்து, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

எங்களுக்கு இன்னும் வீடு அமையவில்லை. 60 நாள் முடிந்து, அதே காகிதத்தை அதே வரிகளோடு புதுப்பித்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் இன்னொரு வீடு காட்டுவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அதன் ஓ.சி. நகல் நேற்றே வந்துவிட்டது.